பெண்கள் ஆட்டத்துக்குக் கிடைக்காத நாற்பது நிமிடம்

நான் வேலை பார்த்த துபாய் மைதானத்தில் புல்லைத் தோண்டியெடுத்துவிட்டுச் செயற்கை விரிப்புப் போடப் போகிறார்கள். இப்போது அங்கே இருக்கும் முருகேசன் போன மாதம் போனில் சொன்னான். சொல்லிவிட்டு ஒன்று கேட்டான்.

"அண்ணே, கிளப்புல பழைய போட்டோவெல்லாம் சுவத்துல மாட்டுறாங்க. லேடீஸ் ஃபுட்டிக்கு மட்டும் மொத அஞ்சாறு வருசத்துக்கு ஒண்ணுமே இல்ல. எப்புடி ஆரம்பிச்சுச்சுன்னு இப்ப இருக்குற மேடங்களுக்கே தெரியல. நீங்க அப்ப இருந்தீங்கள்ல? எழுதிக் குடுங்கண்ணே."

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் தோன்றியது, அந்த வருஷங்களை எழுதினால் என் தப்பையும் எழுத வேண்டும் என்று. அதை விட்டுவிட்டு எழுதவும் முடியவில்லை.

நான் அறந்தாங்கிப் பக்கம். பத்தாவது வரை படித்தேன். முதலில் அபுதாபிக்கு மேற்கே ருவைஸில், எண்ணெய் ஆலைக்காரர்கள் குடியிருப்பில் தோட்ட வேலை. நான்கு வருஷம் குழாய் சுமந்தேன், குழி வெட்டினேன், பேரீச்சைக்குத் தண்ணீர் விட்டேன். உப்புத் தரையில் புல் பிழைப்பதும் சாவதும் எதனால் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். பிறகு கம்பெனி என்னைத் துபாய்க்கு மாற்றியது. தங்குவது ஷார்ஜாவில் முவைலா கேம்ப்பில், டூட்டி துபாய் ஓரத்தில் ஒரு விளையாட்டுக் கிளப்பில். வெள்ளைக்காரர்கள் ரக்பி ஆடும் இடம். இரண்டு ரக்பி மைதானங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

ஆஸ்திரேலியாக்காரர்கள் வந்தபோது அந்த இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கச் சொன்னார்கள். அவர்கள் ஃபுட்டி என்று சொல்லும் ஆட்டத்துக்கு மைதானமே முட்டை வடிவம். பந்தும் முட்டை வடிவம். ஒவ்வொரு பக்கமும் நான்கு கம்பம், நடுவில் இரண்டு உயரம், ஓரத்தில் இரண்டு குட்டை. நடுக் கம்பங்களுக்குள் உதைத்தால் ஆறு, ஓரத்தில் போனால் ஒன்று. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் இடையிடையே தரையில் தட்டி எடுக்க வேண்டும். கம்பத்துக்குச் சாரம் கட்டும் குழாய்களை நட்டு வெள்ளையடித்தோம். நடுவில் ஆணி அடித்து, கயிறு கட்டி, அந்தப் பெரிய வளைவை வெள்ளைக் கோடாக இழுப்பது என் வேலை. முதல் தடவை இழுத்தபோது ஒரு பக்கம் வீங்கிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தேன்.

ஆண்கள்தான் ஆடினார்கள். பெண்கள் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஆண்களின் ஆட்டம் பாதியில் நின்று இளைப்பாறும்போது, ஏழெட்டுப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி அந்தப் பந்தை உதைத்தார்கள். அதில் கேரன் மேடம் ஒருவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. முப்பது வயது இருக்கும். நெட்டையாக, வெயிலில் சிவந்துபோன மூக்கோடு இருப்பார். அவர் உதைத்த பந்து நடுக் கம்பங்களுக்குள் உயரமாகப் போனது. ஓரத்தில் இருந்த ஆண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பந்தை எடுத்து வந்து அதே இடத்தில் வைத்து மறுபடி உதைத்தார்.

அடுத்த வாரம் அவர் கிளப் மேனேஜரிடம் மைதானம் கேட்டார். மேனேஜர் கொடுத்தது ஆண்கள் ஆட்டத்தின் இடைவேளை, பதினைந்து நிமிடம். பெண்கள் ஃபுட்டி அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் ஆரம்பித்தது. ஆண்கள் போட்டுக் கழற்றிய சட்டையையே ஈரத்தோடு வாங்கிப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். பதினெட்டுப் பேர் ஆட வேண்டிய இடத்தில் ஒன்பது பேர். ஆசிரியைகள், நர்ஸுகள், விமானத்தில் வேலை செய்கிறவர்கள். ஆஸ்திரேலியாக்காரர் போதாமல் அயர்லாந்துப் பெண்களும் சேர்ந்தார்கள். அவர்கள் ஊரிலும் இதுபோல ஒரு ஆட்டம் உண்டாம்.

அடுத்த குளிர்காலத்தில் அபுதாபியில் ஓர் அணி வந்தது. அதற்கடுத்து பஹ்ரைன், பிறகு மஸ்கட். மஸ்கட் பெண்கள் வியாழக்கிழமை டூட்டி முடித்து நாலு காரில் எல்லை தாண்டி வந்து, யாராவது வீட்டில் தரையில் படுத்து எழுந்து, வெள்ளிக்கிழமை ஆடிவிட்டு அன்றே திரும்புவார்கள். கோப்பைக்கு அரபிக் காப்பிக் கூஜா ஒன்றைச் சந்தையில் வாங்கி, அடியில் ஒரு மரக்கட்டை ஒட்டியிருந்தார்கள். இந்த எல்லாவற்றையும் பெண்களே செய்தார்கள். கிளப் செய்தது அவர்களுக்கு நேரம் ஒதுக்கியது மட்டும். அந்த நேரமும் ஆண்களுக்கு வேண்டாத நேரமாக இருக்கும். வெயில் நேரம், அல்லது புல்லுக்கு மருந்தடித்த மறுநாள்.

எங்கள் சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவநேசன் என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர், விவசாயம் படித்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னைச் செல்லையா அண்ணை என்பார். வேலையிடத்தில் "ஜல்தி, ஜல்தி" என்று கத்தாத ஒரே சூப்பர்வைசரை நான் அங்கேதான் பார்த்தேன். யாரிடம் பேசினாலும் தரையைப் பார்த்துப் பேசுவார். கூச்சம் என்று நினைத்தேன், உண்மையில் அவர் புல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார். சட்டைப் பையில் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் பத்திருபது இடத்தில் குனிந்து அதை உள்ளங்கையால் அழுத்துவார். நாலு விரற்கடை இறங்கினால் சரி. இறங்காவிட்டால், "உதிலை விழுந்தா எலும்புதான் முறியும். தண்ணி விடுங்கோ" என்பார். மேனேஜர் அவசரப்படுத்தினால் குனிந்து அடுத்த இடத்தில் அழுத்துவார்.

மைதானத்துக்கு அடியில் தண்ணீர்க் குழாய்கள். அவற்றில் எழுபது ஸ்ப்ரிங்க்ளர் ஹெட். தண்ணீர் வரும்போது தரைக்கு மேலே எழுந்து சுற்றித் தெளிக்கும். நின்றதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைக் கீழே இழுத்துக்கொள்ளும். தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டால் காலில் தட்டுப்படாது. விடிவதற்கு முன் தண்ணீர் விடுவோம். விடிந்ததும் நான் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து எழுபதையும் தட்டிப் பார்ப்பேன். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. சிவநேசன் சார் அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் குண்டு குண்டான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

இறங்காத ஹெட் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது. வால்வை மூடு. ஹெட்டைத் தோண்டி எடு. குழாய் வாயை அடை. குழியில் மணல் போட்டுத் தண்ணீர் விட்டு இடி. வேறு இடத்தில் வெட்டிய புல்லை அதன்மேல் வைத்து மிதி. நான் அதைப் பலமுறை செய்திருக்கிறேன். எவ்வளவு வேகமாகச் செய்தாலும் நாற்பது நிமிடம் ஆகும்.

மஸ்கட் அணி சேர்ந்த வருஷம் கடைசி ஆட்டம் துபாய்க்கும் அபுதாபிக்கும். மார்ச் முடியப் போகிற சமயம். அதே நாளில் ஆண்களுக்கும் கடைசி ஆட்டம். அப்போது மைதானத்தில் விளக்கு கிடையாது. பெண்களுக்கு நாலரை மணி என்று முதலில் சொல்லியிருந்தார்கள். ஆண்கள் மூன்று மணிக்கு ஆடுவார்கள், பெண்கள் அதன்பின் மங்கும் வெளிச்சத்தில் ஆடட்டும் என்றுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ஒரு மணி தாண்டியிருக்கும், மேனேஜர் வந்தார். பெரிய விருந்தாளிகள் சாயங்காலம்தான் வருகிறார்களாம், அதனால் ஆண்கள் ஆட்டம் பின்னால். பெண்கள் இரண்டு மணிக்கே ஆடி முடித்துவிட வேண்டும்.

நாற்பத்தொன்றாம் நம்பர் ஹெட் மூன்று நாளாகச் சரியில்லை. ஸ்பிரிங் போயிருந்தது. நோட்டில் எழுதியாகிவிட்டது. புது ஹெட் வரவில்லை. அன்று மத்தியானம் அதைத் தோண்டியெடுத்து மூடுவது என்றுதான் நானும் சாரும் பேசி வைத்திருந்தோம். இப்போது கையில் இருந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கோடுகள் காலையில் அடித்த தண்ணீரில் மங்கிப்போய் இருந்தன. அதை இழுக்க வேண்டும், கம்பங்களுக்குப் பஞ்சுறை கட்ட வேண்டும். நான் கோட்டை முடித்துவிட்டு நாற்பத்தொன்றுக்குப் போனபோது பெண்கள் ஓரத்தில் நின்று கைகாலை உதறிக்கொண்டிருந்தார்கள். ஹெட் இரண்டு விரற்கடை மேலே நின்றது. காலால் மிதித்தேன். இறங்கியது. காலை எடுத்துப் பார்த்தேன். அப்படியே இருந்தது. இன்னொரு தடவை மிதித்தேன்.

சிவநேசன் சார் நோட்டோடு தூரத்தில் இருந்து கேட்டார். "அண்ணை, நாப்பத்தொண்டு என்னமாதிரி?"

"எறங்கிருச்சு சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சரி என்று கையைக் காட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை. அது இறங்கித்தான் இருந்தது. ஆனால் அந்த வரிசையின் வால்வு லேசாகக் கசியும் என்பது எனக்குத் தெரியும். கசியும் தண்ணீர் உள்ளே சேரச் சேர, ஸ்பிரிங் இல்லாத ஹெட் மெல்ல மேலே வரும் என்பதும் தெரியும். "மூடியாச்சா?" என்று அவர் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் நான் பேசிய எவ்வளவோ மறந்துபோய்விட்டது. "எறங்கிருச்சு சார்" மட்டும் என் குரலிலேயே எனக்குக் கேட்கிறது.

ஆட்டத்தின் மூன்றாவது பகுதி. கேரன் மேடம் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக ஓடி வந்தார். அபுதாபி அணியில் ஷிவோன் என்று ஓர் அயர்லாந்துப் பெண், நர்ஸ், குட்டையானவள், அவரைப் பிடிக்கக் குறுக்கே வந்தாள். அவள் கை மேடத்தின் இடுப்பில் பட்ட அதே நொடியில் மேடத்தின் கால் நின்றுவிட்டது. உடம்பு மட்டும் முன்னால் போய்த் திரும்பியது. இரண்டு பேரும் விழுந்தார்கள். பச்சைக் கிளையை முறிப்பதுபோல ஒரு சத்தம். நான் நாற்பது அடி தள்ளி நின்றேன், எனக்குக் கேட்டது.

ஷிவோன் எழுந்து, மேடத்தின் காலைப் பார்த்து, உடனே மண்டியிட்டு அந்தக் காலை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. வண்டி போனபின் அதே இடத்தில் உட்கார்ந்து அழுதாள். "நான் ரொம்ப வேகமாக வந்துவிட்டேன்" என்று எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் பார்த்ததும் அதைத்தான்.

பெண்கள் ஆட்டம் பாதியில் நின்றது. ஆண்கள் ஆட்டம் குறித்த நேரத்தில் நடந்தது.

சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும்போது, எல்லோரும் பரிசு கொடுக்கும் பக்கம் போனபின், நான் அந்த இடத்துக்குப் போனேன். நாற்பத்தொன்று மேலே நின்றது. அதன் மூடியில் பூட்ஸின் அடிக்குமிழ் கீறிய வெள்ளைத் தடம், புதிதாக. நான் அதன்மேல் காலை வைத்தேன். இறங்கியது. காலை எடுக்காமல் நின்றேன். வால்வைப் போய் முழுசாக இறுக்கிவிட்டால் அது இனி மேலே வராது. யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. வால்வு இருக்கும் இடத்துக்கு நாலு எட்டுகூட வைத்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை கிளப்பில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. மேனேஜர் ஒரு கடிதம் தயார் செய்திருந்தார். ஷிவோன் முரட்டுத்தனமாக ஆடினாள், அவள் இனி இந்த மைதானத்தில் ஆடக் கூடாது. இந்த ஆட்டம் பெண்கள் உடம்புக்கு ஆபத்தானது, அதனால் அடுத்த பருவத்தில் இருந்து பெண்கள் போட்டிக்கு மைதானம் தருவதற்கில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விசாரணை என்று ஒன்று நடக்கும், அதில் அந்தக் கடிதத்தைப் படிப்பார்கள். ஆபீஸில் டீ கொண்டுபோகும் மலையாளத்துக்காரர் இதை எங்களுக்குச் சொன்னார்.

நான் ஸ்டோர் ரூமில் சிவநேசன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிதித்தது, கையைக் காட்டியது, கீறல், வால்வுக்கு நடந்தது. அவர் ஒரு உர மூட்டையின் மேல் உட்கார்ந்து கேட்டார். முடித்தபின் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"சார், நான் பாட்டுக்குச் சொல்லிப்புட்டேன்னா என்னைய ஊருக்கு அனுப்புவாங்க. எனக்கு ஊரு இருக்கு. ஒங்களுக்கு..." என்று நான் இழுத்தேன்.

அவருக்கு ஊர் இருந்தும் போக முடியாது. அப்போது அங்கே சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது. மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். இவருடைய விசா போனால் அவர்கள் பிழைப்பும் போய்விடும். அதனால்தான் நான் நேரே மேனேஜரிடம் போகாமல் அவரிடம் வந்தேன். அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவர் கேட்டார். "அந்தப் பிள்ளை இண்டைக்கு என்ன நினைச்சுக்கொண்டு இருப்பாள், அண்ணை?"

ஷிவோனைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"தான்தான் காலை முறிச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்."

"ஓம். வாழ்நாள் முழுக்க அப்பிடித்தான் நினைப்பாள்." நோட்டை மூடினார். "நாளைக்கு நீங்கள் சொல்லுங்கோ. நான் மூடியாச்சோ எண்டு கேட்டிருக்கோணும். கேட்டா நேரம் இல்லை எண்டு சொல்லுவியள் எண்டு தெரியும். அதாலைதான் கேக்கேல்லை. அதை நான் சொல்லுறன்."

அதற்குப் பிறகு அவர் எழுந்து வெளியே போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல நாலு இடத்தில் குனிந்து ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜரின் அறையில் ஆறு பேர். மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் கிளப் ஆட்கள் இரண்டு பேரும். இந்தப் பக்கம் ஷிவோன், கேரன் மேடத்தின் அணியில் இருந்து ஒரு பெண், சிவநேசன் சார். நான் வாசலோரம் நின்றேன், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. மேனேஜர் முதலில் கேட்டது மைதானம் ஒழுங்காக இருந்ததா என்று. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நோட்டின் கையெழுத்தைக் காட்டி அடுத்ததற்குப் போனார்.

நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். என் ஆங்கிலம் அப்போது வேலைக்கான ஆங்கிலம்தான்.

"சார், கிரவுண்ட் நோ குட். ஹெட் ஃபார்ட்டி ஒன் அப். மேடம் லெக் தேர். திஸ் சிஸ்டர் நோ மிஸ்டேக். மை மிஸ்டேக்."

மேனேஜர், உன்னை யாரும் கேட்கவில்லை என்றார். சிவநேசன் சார் எழுந்து நின்றார். எனக்குப் பதிலாக நிதானமாக, நல்ல ஆங்கிலத்தில், முதல் நாளில் இருந்து சொன்னார். ஹெட் எப்போது கெட்டது, எப்போது எழுதினோம், அதை மூட எவ்வளவு நேரம் வேண்டும், அன்று எவ்வளவு நேரம் கொடுக்கப்பட்டது. கடைசியாகத் தன் கையெழுத்தைப் பற்றிச் சொன்னார். முதல்முறையாக அவர் தரையைப் பார்க்காமல் பேசியதை அன்று பார்த்தேன்.

பிறகு எல்லோரும் மைதானத்துக்குப் போனோம். நான் ஹெட்டை மிதித்து இறக்கிவிட்டு விலகி நின்றேன். நாற்பத்தொன்று மெல்ல மேலே வந்தது. வெயிலில் ஏழு பேர் அதைச் சுற்றி நின்று பார்த்தோம். ஷிவோன் குனிந்து அந்தக் கீறலை விரலால் தொட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். தன் காரை நோக்கிப் போனாள். பாதி தூரம் போனதும் நின்று, குனிந்து, முழங்காலில் கைவைத்து மூச்சு வாங்கினாள். அதன்பின் போனாள்.

அந்தக் கடிதம் படிக்கப்படவில்லை. பெண்கள் ஆடுவதை நிறுத்தக் காரணம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் இடம் இல்லை என்று மட்டும் சொன்னார்கள், மைதானத்தில் வேலை நடக்கப்போகிறது என்று. சிவநேசன் சாரின் வேலை அந்த வாரமே போனது. விசா முடிவதற்குள் விசா கொடுக்கும் வேறு கஃபீல், அதாவது முதலாளி, கிடைக்க வேண்டும். முவைலாவில் எங்கள் ரூமில்தான் தங்கினார். நான் சமைத்துப்போடுவேன், சாப்பிட்டேன் என்று பெயர் பண்ணுவார். ஒருநாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கடைசி வாரத்தில் குவைத்தில், ஃபஹாஹீலில், ஒரு பூங்கா வேலை கிடைத்தது. கிளம்பும்போது, "போட்டு வாறன் அண்ணை, உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். அங்கிருந்து இரண்டு முறை பேசினார். மகள் பள்ளிக்கூடம் போகிறாள் என்றார். பிறகு அந்த நம்பர் போகவில்லை.

என்னை ஊருக்கு அனுப்பவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, நெடுஞ்சாலை நடுவில் இருக்கும் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போட்டார்கள். ஒன்றரை வருஷம். அந்த மேனேஜர் போய் வேறொருவர் வந்தபின்தான் மறுபடி கிளப்பில் சேர்த்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். பெண்கள் ஆட்டமும் பின்னால் அங்கே திரும்பி வந்தது. விளக்கு வந்தது, பெண்களுக்கென்று சட்டை வந்தது. முருகேசன் சொல்லும் போட்டோக்கள் அதற்குப் பிறகு எடுத்தவை.

நெடுஞ்சாலை வேலைக்குப் போன முதல் வெள்ளிக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேரன் மேடத்தின் காலை இடுப்புவரை கட்டுப்போட்டுத் தூக்கி வைத்திருந்தார்கள். யாரோ ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருந்தார்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று சாரி மேடம் என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு கேட்டார், அதை மூட எத்தனை நிமிடம் ஆகும் என்று.

"ஃபார்ட்டி மினிட்ஸ், மேடம்."

எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, ஆங்கிலத்தில், மெதுவாகப் பேசினார். அதன் அர்த்தம் இது. நாங்கள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம். நாற்பது நிமிடம் காத்திருந்திருப்போம். இருட்டும்வரைகூட இருந்திருப்போம். மேனேஜர் எங்களைக் கேட்கவில்லை, அது அவர் வழக்கம். நீயும் எங்களைக் கேட்கவில்லை.

போ என்று கையைக் காட்டினார். வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்தேன். அவர் சொன்னது சரி. நேரம் என்பதை மேனேஜர்தான் கொடுக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். பத்தடி தள்ளி இருபது பெண்கள் நின்றார்கள். அவர்களிடம் போய், மேடம், தரை சரியில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லலாம் என்பது என் மண்டையில் உதிக்கவே இல்லை. அவர்களை ஆட்டம் ஆடும் ஆட்களாக நானும் கணக்கில் வைத்திருக்கவில்லை.

வெயில் காலம் கழிந்தது. குளிர் ஆரம்பிக்கும்போது கேம்ப்புக்கு ஒரு போன் வந்தது. கேரன் மேடம்தான். அவருடைய பள்ளிக்கூடத்து மைதானத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், பாதி புல், பாதி மணல். நாலு அணியும் வருகின்றன. கோடு போடவும் தரையைப் பார்க்கவும் ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை எனக்கு லீவுதானே, வர முடியுமா என்று கேட்டார். நான் வருகிறேன் என்றேன். என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை.

முதல் ஆட்டம் அபுதாபிக்கும் மஸ்கட்டுக்கும். மேடம் கைத்தடியோடு வந்திருந்தார், வலது கால் மடங்காது. இனி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோல் கம்பத்தருகே நின்று கொடி காட்டும் நடுவர் வேலையை எடுத்துக்கொண்டிருந்தார். ஷிவோன் அபுதாபி அணியின் சட்டையில் நின்றாள். காலையிலேயே கோடு போட்டுவிட்டு நான் மைதானத்தை நடந்து முடித்திருந்தேன். ஆனாலும் ஆட்டத்துக்குக் கால் மணி இருக்கும்போது மறுபடி நடந்தேன். மணல் முடிந்து புல் தொடங்கும் இடத்தில் என் கம்பு எதிலோ இடித்தது. தரைக்குள்ளே, ஒரு விரற்கடை ஆழத்தில் இரும்பு. பள்ளி விழாவுக்குக் கூடாரம் அடித்தபோது விட்டுப்போன முளையாக இருக்கும். ஒன்று இருந்தால் இன்னும் மூன்று இருக்கும்.

நடுவர் விசிலை வாயருகே கொண்டுபோய்விட்டார். மஸ்கட் பெண்கள் முந்தின இரவு கார் ஓட்டி வந்தவர்கள், அன்றே திரும்ப வேண்டியவர்கள். மேடத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"மேடம்! டைம் வேணும்!"

தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்துவிட்டது. அவருக்குப் புரிந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

"ஐ டோன்ட் நோ, மேடம்!"

அவர் கொடிகளைக் கம்பத்தில் சாய்த்து வைத்துவிட்டு, தடியை ஊன்றி மைதானத்தின் நடுவரை நடந்து போய், இரண்டு அணிகளிடமும் ஏதோ சொன்னார். பெண்கள் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார்கள். சிலர் பூட்ஸைத் தளர்த்தினார்கள். ஒருத்தி முதுகைச் சாய்த்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் மண்வெட்டியை எடுத்து வந்து தோண்ட ஆரம்பித்தேன். முதல் முளையை அசைத்துக்கொண்டிருக்கும்போது எதிரே ஒரு நிழல் விழுந்தது. ஷிவோன். மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி ஓரத்தில் போட ஆரம்பித்தாள்.